மணிக்கும் ஒரு டிக்கெட்

அன்புள்ள ஐயா,

எங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். கணவர் கப்பலில் இன்ஜினியர். கல்யாணம் ஆனதிலிருந்து வருடத்தில் பாதி நாள் கடலில்தான் இருந்தார். இப்போது ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் கரை வேலை கிடைத்திருக்கிறது, அக்டோபரில் சேர வேண்டும். "இனிமேல் தனித்தனியா இருந்தது போதும், எல்லாரும் ஒண்ணாவே கிளம்புவோம்" என்கிறார்.

மகள் ஆறாம் வகுப்பு, மகனுக்கு ஐந்து வயது. மணி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறது. மூன்று வயது. பகலெல்லாம் கடற்கரையில் திரிந்துவிட்டு ராத்திரி மகளின் கட்டிலுக்குக் கீழே வந்து படுத்துக்கொள்ளும். வருடா வருடம் ஊசி போட்டுவிடுகிறோம். மணி வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று மகள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மகன் தன் பங்குக்கு ஆட்டுக்குட்டிக்கும் டிக்கெட் கேட்கிறான். "மனுஷனுக்கே விசா கிடைக்க மாட்டேங்குது, நாய்க்கு விசாவா?" என்று பெரியப்பா சிரிக்கிறார்.

மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், அவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். இங்கே எல்லாவற்றையும் நானே பார்த்துப் பழகிவிட்டேன். அங்கே போய் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு போவது பைத்தியக்காரத்தனமா? பிள்ளைகள் படிப்பு என்ன ஆகும்?

கருவாடு கொண்டுபோக விடுவார்களா என்று மாமியார் கேட்கச் சொன்னார்.

எஸ்., உச்சிப்புளி

அன்புள்ள சகோதரிக்கு,

பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் அக்டோபரில் மணி விமானம் ஏற முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாக் கணக்கும் இதை வைத்துத்தான் போட வேண்டியிருக்கிறது.

வெறிநோய் கட்டுக்குள் இருக்கிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வரும் நாய்க்கு முதலில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப் தோலுக்கடியில் பொருத்த வேண்டும். அதற்குப் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தியின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருக்க வேண்டும். தேறிவிட்டாலும் இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், எப்படிச் சுருக்கினாலும் நான்கு மாதம். வருடா வருடம் போட்ட ஊசி இதில் சேராது. சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்று அவர்கள் கேட்பார்கள். அதனால் சிப் பொருத்திவிட்டு மறுபடியும் ஊசி போடுங்கள். சில மருத்துவர்கள் இரண்டு தவணை போட்ட பிறகு இரத்தம் எடுக்கச் சொல்வார்கள், கேளுங்கள். ஒருமுறை தேறிவிட்டால், அடுத்தடுத்த ஊசிகளைத் தேதி தவறாமல் போடும்வரை அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

ஆகஸ்டில் தொடங்கினால் டிசம்பர் கடைசி ஆகிவிடும். மகளுக்கு மார்ச், ஏப்ரலில் முழுப் பரீட்சை. அப்படியென்றால் கணவர் அக்டோபரில் போகட்டும். நீங்கள் நான்கு பேரும், மணியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசியில் கிளம்புங்கள்.

மறுபடியும் அவர் தனியாகவா என்று உங்களுக்குச் சலிப்பாக இருக்கும், தெரிகிறது. நம் கரையில் இது பழகிப்போன ஏற்பாடு. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி எந்த ஊரை எடுத்தாலும் வெளிநாட்டுப் பிழைப்பு இன்று நேற்று வந்ததில்லை. கொழும்பு, மலேயா, அப்புறம் வளைகுடா. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை சென்னையில் ரயிலேறினால் அங்கே கப்பல் மாறி இலங்கையின் தலைமன்னாரில் இறங்கலாம். மண்டபத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்களை நோய்த்தடுப்பு என்று முகாமில் நிறுத்தி வைத்துத்தான் அனுப்பினார்கள். (மணிக்கு மூன்று மாதக் காத்திருப்பு என்றதும் எனக்கு அந்த முகாம்தான் ஞாபகம் வந்தது. மணியாவது சொந்த வீட்டில் காத்திருக்கப் போகிறது.)

தோட்டத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் வெளிமாவட்டத்து ஜனங்கள். நம் கரையிலிருந்து போனவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். அவர்கள் போவார்கள், பணம் வரும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வருவார்கள். ஒரு ஆணை அனுப்பிவைக்க நமக்கு நன்றாகத் தெரியும். பாஸ்போர்ட் எங்கே எடுப்பது, யார் ஏர்போர்ட்டுக்குக் கார் கொண்டுவருவார், என்னென்ன பொட்டலம் கட்டுவது என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எவரும் சொல்லிவிடுவார்கள். வீட்டையே பெயர்த்துக்கொண்டு போவது பற்றி நம் ஊரில் விவரம் தெரிந்தவர்கள் குறைவு. பெரியப்பா சிரிப்பதும் அதனால்தான். அவர் சொல்லும் யோசனை தனியாகப் போகிறவனுக்கான யோசனை. அதில் நாய்க்கு இடம் இல்லை, பிள்ளைக்கும் இடம் இல்லை, உங்களுக்கும் இல்லை.

ஆகவே இந்த ஆறு மாதப் பிரிவை ஊர் வழக்கப்படி விட்டுவிடாதீர்கள். முடியும் தேதி போட்டு எழுதி வையுங்கள். அந்த ஆறு மாதத்தில் அவர் செய்து முடிக்க வேண்டியவற்றையும் எழுதிக் கொடுங்கள். முதலில் வீடு. ஹாம்பர்க்கில் வாடகை வீடு கிடைப்பது பெரும்பாடு. ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். நாய், பூனையே கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒட்டுமொத்தமாகத் தடை போடுவது செல்லாது என்று ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2013-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் அது குடியேறிய பிறகு உதவுகிற தீர்ப்பு. வீடு பார்க்கும்போது நாய் என்றாலே பலர் காரணம் சொல்லாமல் வேறு ஆளைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். நாயை மறைத்து வீடு பிடிக்க வேண்டாம். இரண்டு மாதம் கூடுதலாகத் தேடினாலும் பரவாயில்லை, சம்மதத்தை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வீடு கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். பள்ளி, காப்பீடு, வங்கி எல்லாமே அந்தப் பதிவைத்தான் கேட்கும்.

மணியைப் பற்றி எனக்கு ஒரே ஒரு தயக்கம் உண்டு. கடற்கரை முழுக்கத் தன் இஷ்டத்துக்குத் திரிந்த நாய் அது. ஹாம்பர்க்கில் நாயைத் தெருவில் கயிறு இல்லாமல் விட முடியாது. கீழ்ப்படிதல் தேர்வில் தேறினால்தான் தளர்வு. சிப், பதிவு, பொறுப்புக் காப்பீடு, நாய் வரி எல்லாம் கட்டாயம். இன்றைக்கே ஒரு பட்டையும் கயிறும் வாங்கி மகள் கையில் கொடுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும் அவள்தான் கூட்டிப் போக வேண்டும். மணி வர வேண்டும் என்று பட்டினி கிடந்தவள், அதற்காக ஆறு மாதம் வேலையும் செய்யட்டும். மணி பயணம் செய்யப்போகும் கூண்டையும் இப்போதே வாங்கிக் கதவைத் திறந்தபடி கட்டிலுக்குக் கீழே போட்டுவிடுங்கள். நின்றால் தலை இடிக்கக் கூடாது, உள்ளே திரும்பவும் படுக்கவும் இடம் வேண்டும். மார்ச் மாதத்துக்குள் அதுவே உள்ளே போய்த் தூங்கப் பழகிவிட்டால் பயணத்தில் பாதிப் பயம் போய்விடும். மயக்க மருந்து கொடுத்து ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயரத்தில் அது ஆபத்து, விமான நிறுவனங்களும் ஏற்க மாட்டா.

மதுரை விமான நிலையம்தான் நமக்குப் பக்கம், ஆனால் மணிக்குச் சென்னைதான். மத்திய அரசின் விலங்கு குவாரன்டைன் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. ஏற்றுமதிச் சான்றை அவர்கள்தான் தர வேண்டும். அந்தச் சுகாதாரச் சான்று பத்து நாளுக்குத்தான் செல்லும், முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. ரயிலில் கூட்டிப் போவதென்றால் முதல் வகுப்பில் முழு கூபே, அதாவது கதவு உள்ள தனி அறை, எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் தனியாக விட வேண்டும். வேன் வைத்து ராத்திரியோடு ராத்திரியாகப் போவதுதான் நல்லது. ஏப்ரல் வெயில் என்பதால் விமானமும் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புவதாகப் பாருங்கள். மணி ஏறும் தேதிக்கு முன்னும் பின்னும் ஐந்து நாளுக்குள் உங்களில் ஒருவர் பயணம் செய்தாக வேண்டும். அதைத் தாண்டினால் வியாபார நாய் என்று வேறு சட்டத்துக்குள் போய்விடும். செல்லப்பிராணிகளை அனுப்பிவைக்கும் ஏஜென்சி கேட்கும் தொகை லட்சங்களில்தான் இருக்கும். சிப், ஊசி, இரத்தம் ஆகியவற்றை நீங்களே பார்த்துக்கொண்டு, சென்னை வேலையையும் சரக்கு முன்பதிவையும் மட்டும் அவர்களிடம் விட்டால் கொஞ்சம் குறையும்.

ஆட்டுக்குட்டிக்கு வழியே இல்லை. மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிறகு வரும் என்று மழுப்ப வேண்டாம்.

பிள்ளைகள் படிப்பு. மகளுக்கு ஜெர்மன் தெரியாது என்பதால் ஹாம்பர்க்கில் முதலில் மொழி ஆயத்த வகுப்பில் போடுவார்கள். ஏறக்குறைய ஒரு வருடம். அதை ஒரு வருடம் வீண் என்று சொந்தக்காரர்கள் கணக்குப் போடுவார்கள், காதில் வாங்காதீர்கள். ஜெர்மனியில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்கம் உண்டு. ஹாம்பர்க்கில் அதற்குப் பிறகு இரண்டே வகைப் பள்ளி. கிம்னாசியம் ஒன்று, ஸ்டாட்டைல்ஷூலே மற்றொன்று. பல்கலைக்கழகம் போகத் தேவையான அபிட்டூர் பரீட்சையை இரண்டிலும் எழுதலாம். முதலாவதில் 12-ம் வகுப்போடு முடியும், இரண்டாவதில் 13. புது மொழியோடு வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு வருடம் கூடுதலாக இருப்பது நல்லது என்பதே என் கட்சி. கிம்னாசியம்தான் கௌரவம் என்று அவளை நெருக்க வேண்டாம். மகனுக்கு மழலையர் பள்ளியில் தினம் ஐந்து மணி நேரம் இலவசம், மதிய உணவோடு. மூன்றாம் மாதம் அவன் உங்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுப்பான். இருவருக்கும் தட்டம்மை ஊசி இரண்டு தவணை போட்ட ஆதாரம் கையில் இருக்கட்டும். 2020-லிருந்து அது இல்லாமல் மழலையர் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள், பள்ளியிலும் கேட்பார்கள்.

காகிதங்களில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில். கணவருக்கு அவர் அப்பா பெயர் இனிஷியல், பிள்ளைகளுக்கு அவர் பெயர் இனிஷியல், உங்களுக்கு இரண்டில் எது என்று பாஸ்போர்ட்டைப் பார்த்தால்தான் தெரியும். நான்கு பேருக்கு மூன்று குடும்பப் பெயர் வந்தால் அங்கே ஒவ்வொரு கவுன்ட்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றும் திருமணப் பதிவுச் சான்றும்தான் பதில். பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயரே ஏறாமல் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கோயிலில் கல்யாணம் செய்துவிட்டுப் பதியாமல் விட்டிருந்தால் அதையும் இந்த மாதமே முடியுங்கள்.

உங்கள் கடிதத்தில் மணிக்குப் பல வரி, உங்களுக்கு இரண்டே வரி. அந்த இரண்டு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருடம் வங்கி, ஆஸ்பத்திரி, பள்ளி, கொத்தனார், மழைக்கு ஒழுகும் ஓடு எல்லாவற்றுக்கும் நீங்கள்தான். அவர் லீவில் வரும் மாதங்களில் வீடு விருந்து வீடாக இருந்திருக்கும். ஹாம்பர்க்கில் இது தலைகீழாகும். மொழி தெரிந்தவர் அவர், வழி தெரிந்தவர் அவர், வங்கி கார்டு அவர் பெயரில். பால் வாங்கவும் அவரைக் கேட்க வேண்டிய நிலை முதல் சில மாதங்கள் வரும். அவருக்கும் இது புதிது. தினமும் வீட்டில் இருக்கும் அப்பாவாக அவர் இருந்ததே இல்லை. பிள்ளை அடம்பிடித்தால் உங்களைத்தான் பார்ப்பார். குடும்பத்தோடு போன பல வீடுகளில் முதல் வருடச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. குளிரின் மேல் பழி போடுவார்கள்.

இந்த ஆறு மாதத்தில் நீங்கள் ஜெர்மன் படியுங்கள். அவருக்குக் கிடைத்திருப்பது ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டுப் பணியாளருக்குத் தரும் வேலை, குடியிருப்பு அனுமதி) என்றால் மனைவி விசாவுக்கு மொழிச் சான்று கேட்க மாட்டார்கள். அதனாலேயே பலர் படிக்காமல் போய் மாட்டிக்கொள்கிறார்கள். ஏ1 என்ற தொடக்க நிலை போதும், ஆன்லைனில் படிக்கலாம். அங்கே போனதும் உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள். ப்ளூ கார்டுக்காரரின் மனைவிக்கு அங்கே வேலை செய்யவும் அனுமதி உண்டு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மணி இதில் உங்களுக்கு உதவும். நாயோடு தினம் இரண்டு வேளை தெருவில் நடக்கிறவரிடம் ஹாம்பர்க்காரர்களும் நின்று பேசுவார்கள்.

மாமியார் வரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். 2024 மார்ச்சிலோ அதற்குப் பிறகோ முதன்முதலாக வேலை அனுமதி பெற்ற திறன் பணியாளர்கள் பெற்றோரையும் கூட்டி வர வழி செய்திருக்கிறார்கள். ஆனால் வயதானவருக்கு அங்கே மருத்துவக் காப்பீடு எடுப்பது கடினம், விலையும் அதிகம். அதைவிட 90 நாள் விசாவில் கோடையில் வந்து போகட்டும். இங்கே ராத்திரித் துணைக்கு யார், மருந்து வாங்கித் தருவது யார் என்பதைப் பணம் பேசி, ஆள் பெயரோடு முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். "பக்கத்தில் எல்லாரும் இருக்காங்க" என்பது ஏற்பாடு ஆகாது.

அவர் கேட்டதற்குப் பதில்: கருவாடு கொண்டுபோகலாம். ஐரோப்பாவுக்குள் இறைச்சி, பால் பொருள் எதுவும் கூடாது, நெய்யும் அதில் சேர்த்தி. ஆனால் மீன் மட்டும், குடல் எடுத்துச் சுத்தம் செய்து காயவைத்ததாக இருந்தால், சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு 20 கிலோ வரை விடுகிறார்கள். நன்றாகச் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள், மணியின் கூண்டுக்குப் பக்கத்தில் வைக்காமல்.

அன்புடன்.