என்சிலாடாக் கோழிக்கு மசாலா எங்கே சேர்கிறது? (கடிதம்)

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஹூஸ்டனில் வசிக்கிறேன். உணவகத்தில் சாப்பிட்ட கோழி என்சிலாடா என்ற மெக்சிகோ உணவை வீட்டிலும் செய்து தரும்படி பிள்ளைகள் கேட்கிறார்கள். மூன்று முறை செய்து மூன்று முறையும் தோற்றேன். முதல் முறை கோழியைத் தயிர், இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா சேர்த்து இரவு முழுவதும் ஊறவைத்தேன். மறுநாள் குக்கரில் நான்கு விசில் விட்டு, தண்ணீரை வடித்துவிட்டுப் பிய்த்தேன். கறியின் மேலே மசாலா வாடை இருந்தது, ருசி இல்லை. இரண்டாம் முறை, ஓர் அமெரிக்கச் சமையல் குறிப்பில் இரண்டு மேசைக்கரண்டி ‘சில்லி பவுடர்’ என்றிருந்ததை நம்பி, ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளைப் போட்டேன். ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லை. மூன்றாம் முறை கடையில் விற்கும் மசாலாப் பொட்டலம், ஒரே உப்பு. மசாலாவைக் கோழி வேகும் முன் சேர்ப்பதா, வெந்த பின் சேர்ப்பதா? சீரகம் எவ்வளவு? ஓரிகானோவுக்குப் பதிலாக என் பால்கனித் தொட்டியில் இருக்கும் கற்பூரவள்ளியைப் போடலாமா?

ஆர்., ஹூஸ்டன்

அன்புள்ள ஆர்.,

உங்கள் முதல் முயற்சியில் ருசி எங்கே போயிற்று என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: தண்ணீரோடு வடிந்து போயிற்று. ஊறவைத்த கறிக்குள் நேரம் செல்லச் செல்ல ஆழமாக இறங்குவது உப்பு ஒன்றுதான். மற்ற மசாலாக்களின் மணம் பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டிய சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். அந்தக் கறியைத் தணலில் சுட்டாலோ எண்ணெயில் பொரித்தாலோ மசாலா மேலேயே முறுகி ருசி தரும். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் அது கரைந்து தண்ணீருக்குப் போகும், அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டால் மிஞ்சுவது கறியின் சக்கைதான்.

என்சிலாடா என்ற பெயரே இதற்கு வழி சொல்கிறது. ‘என்சிலார்’ என்ற ஸ்பானியச் சொல்லுக்கு மிளகாய் சேர்த்தல், மிளகாய் பூசுதல் என்று பொருள். பூச்சு டோர்ட்டியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டிக்கு; கோழிக்கு அன்று. மெக்சிகோவில் உள்ளே கோழி வைப்பதும் உண்டு, வெங்காயத்தோடு பாலாடைக்கட்டி வைப்பதும் உண்டு, உருளைக்கிழங்கு வைப்பதும் உண்டு. எதை வைத்தாலும் அது என்சிலாடாவாவது மிளகாய்ச் சாற்றினால். ஆகவே ‘கோழிக்கு என்ன மசாலா’ என்று தொடங்கினால் நம் கை தானாகவே கோழிக் குழம்பின் பக்கம் போய்விடுகிறது.

சான் அன்டோனியோவில் வசித்த காலத்தில் நானும் இதே பிழையைச் செய்தவன்தான். அடுத்த வீட்டில் குவானஹுவாட்டோ மாநிலத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு மூதாட்டி இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய சமையலறையில் நின்று பார்த்தேன். கோழியை முழு வெங்காயத்தில் பாதி, நான்கு பல் பூண்டு, ஒரு லாரல் இலை (பே லீஃப்), உப்பு ஆகியவற்றோடு தண்ணீரில் போட்டு, தளதளவென்று கொதிக்க விடாமல், ஓரத்தில் மட்டும் குமிழி எழும் அளவு தீயில் வைத்திருந்தார். வெந்ததும் எடுக்கவில்லை, அடுப்பை அணைத்து அந்தச் சாற்றிலேயே ஆறவிட்டார். இளஞ்சூட்டில் எடுத்து விரலால் பிய்க்கும்போது ஒரு துண்டை என் கையில் வைத்தார். உப்பும் வெங்காயத்தின் மெல்லிய இனிப்பும் தவிர அதில் வேறொன்றும் இல்லை, ஆனால் உள்வரை ருசி இருந்தது. மசாலா எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். பக்கத்து அடுப்பில் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்த சட்டியைக் கரண்டியால் சுட்டிக்காட்டினார்.

அளவாகச் சொல்கிறேன். 1 கிலோ கோழிக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வைத்தால், லிட்டருக்கு 10 கிராம் என்ற கணக்கில் 15 கிராம் உப்பு போதும். தொடைக் கறி நல்லது. நெஞ்சுக்கறிதான் வேண்டுமென்றால் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் எட்டியதும் நிறுத்திவிட வேண்டும். நெஞ்சுக்கறியைக் குக்கரில் நான்கு விசில் விட்டால் அது தேங்காய் நாராகிவிடும். அதை எந்த மசாலாவாலும் மீட்க முடியாது. பிய்க்கும்போதும் மிக மெல்லிய இழைகளாக்க வேண்டாம். வடித்த சாறு ஒரு சொட்டும் வீணாகக் கூடாது, ஏனென்றால் மிளகாயை அரைப்பது அதை ஊற்றித்தான்.

மிளகாய்க்கு வருவோம். உங்கள் இரண்டாவது விபத்துக்கு நீங்கள் பொறுப்பல்லர். அமெரிக்கக் கடைகளில் ‘சில்லி பவுடர்’ என்று விற்பது மிளகாய்த்தூள் அன்று. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டுத்தூள், பல சமயம் உப்பும் கலந்த ஒரு மசாலாத்தூள். டெக்சாஸின் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி 1890களில் இப்படி ஒரு தூளை விற்கத் தொடங்கினார், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதைப் போடச் சொன்ன இடத்தில் நம் ஊர்த் தூளைப் போட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் வீட்டார் அறிவார்கள். மிளகாயின் காரத்தை அளக்க 1912இல் வந்த ஸ்கோவில் அளவையில் மெக்சிகோவின் ஆன்சோ மிளகாய் 1,000 முதல் 2,000 வரையும், குவாஹியோ 2,500 முதல் 5,000 வரையும் நிற்கின்றன. ஆந்திராவின் குண்டூர் சன்னம் மிளகாய் 35,000ஐத் தொடும்.

ஹூஸ்டனில் இருந்துகொண்டு நீங்கள் தூளைத் தேடவே வேண்டாம். எந்த மெக்சிகோ மளிகைக்கடையிலும் முழு வற்றலாகவே கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு டோர்ட்டியாவுக்கு ஆறு குவாஹியோ, இரண்டு ஆன்சோ. காம்பும் விதையும் நீக்கி, காய்ந்த கல்லில் பக்கத்துக்குச் சில நொடி மட்டும் அழுத்தி வாட்டுங்கள். மணம் எழும்பியதும் எடுத்துவிட வேண்டும். கருகிய மிளகாய் ஒன்று சேர்ந்தாலும் முழுச் சாறும் கசக்கும். அந்த மூதாட்டி அப்படிக் கருகிய ஒன்றை யோசிக்காமல் குப்பையில் எறிந்தார். பிறகு வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, இரண்டு பல் பூண்டு, கால் வெங்காயம், ஒரு கிராம்பு, நான்கு மிளகு, கால் தேக்கரண்டி சீரகம் சேர்த்து, கோழிச் சாறு விட்டு மைய அரைத்து வடிகட்டுங்கள். சீரகம் அவ்வளவுதான். உணவகங்களில் தூக்கலாக வருகிற சீரக மணம் டெக்சாஸின் வழக்கம். பிள்ளைகளுக்கு அந்த ருசிதான் பழகியிருக்கிறது என்றால் அரைத் தேக்கரண்டி வரை போகலாம். இஞ்சியும் கரம் மசாலாவும் வேண்டவே வேண்டாம். வாட்டிய மிளகாயின் உலர்பழ வாசனையை அவை அமுக்கிவிடும்.

அரைத்ததை அப்படியே ஊற்றிவிடாமல், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காயவைத்து அதில் ஊற்றி, நிறம் ஆழ்ந்து பச்சை வாசனை போகும்வரை எட்டுப் பத்து நிமிடம் கிளறுங்கள். நாம் குழம்புக்கு எண்ணெய் பிரியக் காத்திருக்கிறோமே, அதே பக்குவம்தான். (மெக்சிகோக்காரர்கள் நல்ல சமையல்காரரை ‘சசோன்’ உள்ளவர் என்பார்கள். பதம், சுவையூட்டல் என்றெல்லாம் பொருள் சொன்னாலும், நம் ‘கைப்பக்குவம்’ அதற்குச் சரியாகப் பொருந்துகிறது.) உப்பைக் கடைசியில்தான் சரிபார்க்க வேண்டும்: கோழிச் சாற்றில் உப்பு உண்டு, மேலே தூவும் பாலாடைக்கட்டியில் உண்டு, சோள டோர்ட்டியாவில் பெரும்பாலும் இல்லை. பொட்டலத்தில் உங்களுக்கு உப்பு மிஞ்சியதற்கும் இந்தக் கணக்குத்தான் காரணமாக இருக்க வேண்டும்; அதில் உப்பு முன்னரே சேர்ந்திருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேர் விடை: உப்பு வேகும்போது, மசாலா வெந்த பின். பிய்த்த கோழியில் இந்த மிளகாய்ச் சாற்றை இரண்டு கரண்டி மட்டும் விட்டு, சிறு தீயில் பிரட்டி, கறி சாற்றைக் குடித்ததும் இறக்குங்கள். சொதசொதவென்று இருந்தால் டோர்ட்டியா கிழியும். மீதிச் சாற்றில் டோர்ட்டியாக்களை நனைத்து, எண்ணெயில் சில நொடி இருபுறமும் போட்டு எடுத்து, கோழியை வைத்துச் சுருட்ட வேண்டும்.

பச்சைச் சாறு செய்வதானால் கோழியில் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. அதற்கு ஆதாரமான டொமாட்டியோ என்ற பச்சைக் காய் நம் சொடக்குத் தக்காளியின் பேரினத்தைச் சேர்ந்தது. அதன் புளிப்புக்கு உப்பிட்டு வெந்த கோழியே பொருந்தும்.

கற்பூரவள்ளி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெக்சிகோவின் ஓரிகானோ, பீட்சாவில் தூவும் ஓரிகானோ, நம் கற்பூரவள்ளி மூன்றும் வெவ்வேறு செடிகள். முதலாவது வெர்பீனாக் குடும்பம், மற்ற இரண்டும் துளசிக் குடும்பம். ஆனாலும் மணத்தில் உறவு உண்டு, கரீபியத் தீவுகளில் கற்பூரவள்ளியையே ஓரிகானோ என்று சமையலில் சேர்க்கிறார்கள். உலர்ந்த மெக்சிகோ ஓரிகானோ கிடைத்தால் அரைத் தேக்கரண்டியை உள்ளங்கையில் கசக்கிச் சாற்றில் போடுங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் தொட்டியிலிருந்து சிறிய இலை ஒன்றைப் பறித்து மிளகாயோடு அரைக்கலாம். ஒன்றுதான். இரண்டாவது இலையை யாருக்காவது சளி பிடிக்கும்போது பறித்துக்கொள்ளுங்கள்.