பொலிகுதிரையை ஏன் பண்ணை பண்ணையாக நடத்திச் சென்றார்கள்?

பொலிகுதிரை என்றால் இனப்பெருக்கத்துக்கு விடும் ஆண் குதிரை. 19-ம் நூற்றாண்டு நியூசிலாந்தின் ஒட்டாகோ செய்தித்தாள்களில் "இன்ன பொலிகுதிரை இந்தப் பருவத்தில் இவ்வழியே வரும்" என்ற விளம்பரங்கள் ஏன் வந்தன, பெட்டைக் குதிரைகளையே அது இருக்கும் இடத்துக்கு ஓட்டிப் போயிருக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை நெருக்கடிதான் முக்கியக் காரணம். அங்கே வசந்தம் செப்டம்பரில் தொடங்கும். பெட்டைகள் சினைக்கு வருவதும் உழவும் விதைப்பும் அப்போதுதான். ஏரில் பூட்டிய குதிரையை நாள்கணக்கில் எப்படி அனுப்புவது? அதனால் பராமரிப்பாளர் ஒருவர் பொலிகுதிரையைக் கையில் பிடித்தபடி, அறிவித்த நாளில் அறிவித்த பண்ணையிலோ விடுதியிலோ வந்து நிற்பார். பெட்டைக்குச் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவம் திரும்பும். அவர் மறுபடி வரும்போது சினை பிடிக்கவில்லை என்றால் தெரிந்துவிடும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கட்டணத்தைப் பெரும்பாலும் கினி என்ற பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கில் சொன்னார்கள். ஒரு கினி 21 ஷில்லிங். சினை உறுதியானால்தான் பணம் என்ற உத்தரவாதமும் உண்டு. தூரத்துப் பெட்டைகளை மேய்ச்சலுக்கு விட்டுப் போகலாம், அதற்குத் தனிக் காசு.

அப்புறம், வம்சாவளி. 1848-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறிய பகுதி என்பதால் கிளைட்ஸ்டேல் என்ற ஸ்காட்லாந்து உழவுக் குதிரை இனத்துக்கு அங்கே பெருமதிப்பு. தகப்பன், தாய் பெயர்களோடு பரிசுகளையும் விளம்பரத்தில் அடுக்குவார்கள். குட்டி பிறக்க ஏறக்குறைய 11 மாதம், ஏரில் பூட்ட இன்னும் இரண்டு மூன்று ஆண்டு. விவசாயிக்கு அது நீண்டகால முதலீடு.