ஒன்றாம் வகுப்பில் தொடங்கட்டும், ஆச்சி

"அ, ஆ சொல்லிக்கொடுக்கவா இவளை பி.ஏ. வரைக்கும் படிக்கவைத்தேன்?" என்று கேட்டீர்கள். உங்கள் மகளோ சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லித் தர வேண்டும், பிற்காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்த வேண்டும் என்கிறாள். அவள் பக்கம்தான் நான் பேசப்போகிறேன்.

'தோசை' என்று எழுதிப் பாருங்கள், ஆச்சி. முதலில் கண்ணில் படுவது இரட்டைக் கொம்பு. பிள்ளை அதை மனதில் வைத்துக்கொண்டு, 'த'வைப் பார்த்து, பின்னால் துணைக்கால் இருக்கிறதா என்றும் பார்த்த பிறகுதான் 'தோ' என்று சொல்ல முடியும். கால் இல்லாவிட்டால் அது 'தே' ஆகிவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய வேலை.

தேவகோட்டையில் நான் வாத்தியார் வேலை பார்த்தபோது மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பான். ஒருநாள் நடுவில் ஒரு வரியைக் காட்டி, "இதை மட்டும் படி" என்றேன். அவன் பாடத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். அத்தனையும் மனப்பாடம்! ஒரு பருவம் முழுக்க எனக்கே அது தெரியவில்லை. இன்றும் மனம் உறுத்துகிறது.

தலைமை ஆசிரியர் அறையில் கட்டணம், வேன், பெற்றோர் புகார் என்று நாள் ஓடிவிடும். அதற்கு நடுவிலும் வகுப்புக்குள் போய், எந்தப் பிள்ளை வாசிக்கிறது, எந்தப் பிள்ளை ஒப்பிக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்தான் நல்ல தலைமை. அதைக் கற்றுக்கொள்ள ஒன்றாம் வகுப்பை விட்டால் வேறு இடம் இல்லை.

சரி, படிப்பு விஷயம். பலரும் நேராக பி.எட். சேர்ந்துவிடுகிறார்கள். தொடக்க வகுப்புகளுக்கு அது தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் முதலில் இரண்டு வருட தொடக்கக் கல்விப் பட்டயம், கூடவே ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள். பெரிய பள்ளிக்குத் தலைமை ஏற்க எம்.ஏ., பி.எட். கேட்பார்கள், அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம், காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. தனியார் பள்ளியில் ஆரம்பச் சம்பளம் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன்.

விண்ணப்பம் போடும் முன் உங்கள் ஊர்ப் பள்ளியில் அனுமதி கேட்டு, ஒரு வாரம் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்துவரச் சொல்லுங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பற்றியே பேசினாள் என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.