காட்டுப் பாதைக்கு வண்டியைத் தேற்றுவது: கேள்விகளும் பதில்களும்

தார், ஜிப்ஸி, ஜிம்னி, பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். வீட்டு வாசலிலோ, தெரிந்த வெல்டிங் பட்டறையிலோ செய்யக்கூடிய வேலைகள்தான் இவை. இன்ஜினைத் திறப்பது, கியர் ராஷியோவை மாற்றுவது போன்றவற்றை இந்த முறை தொடவில்லை.

கோயம்புத்தூர்: அண்ணா, புது தார் டீசல் ஃபோர் வீல் டிரைவ் எடுத்திருக்கேன். லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் சாமான்), பெரிய டயர், இரும்பு பம்பர், எல்.இ.டி பார். இதுல எதை முதல்ல போடலாம்?

நாலையும் தள்ளி வைங்க தம்பி. 2020க்குப் பிறகு வந்த தார் ஷோரூமிலிருந்து வரும்போதே 226 மி.மீ தரை இடைவெளியோடு வருகிறது. 650 மி.மீ ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. இந்த வண்டி எங்கே திணறுகிறது என்று ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்க்காமல் பணத்தைக் கொட்டாதீர்கள்.

முதல் செலவு காத்துக்கு. நல்ல பிரஷர் கேஜ் ஒன்று, ஒரு கம்ப்ரஸர். டயரில் காத்தை இறக்கினால் டயர் அகலமாகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் தரையோடு ஒட்டும் பகுதி முன்னும் பின்னும் நீள்வதுதான் அதிகம். அந்த நீளம்தான் மணலில் மிதக்க வைக்கிறது, கல்லைக் கவ்விப் பிடிக்கிறது. தார் ரோட்டில் 30, 32 பி.எஸ்.ஐ (காத்தழுத்த அளவு) வைத்திருப்பவர் கல் பாதையில் 18, 20க்கு வரலாம். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத் தேரி மாதிரிப் பொடி மணல் என்றால் 14, 15. அதற்கும் கீழே, குறிப்பாக 12ஐத் தாண்டி இறக்கினால், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வந்துவிடும். காத்து குறைந்திருக்கும்போது வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும், ஸ்டியரிங்கைச் சடாரென்று ஒடிக்காதீர்கள். ரோட்டுக்கு ஏறியதும் அங்கேயே நிறுத்தி ஏற்றிக்கொள்ளுங்கள். குறை காத்தோடு வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் சூடேறி உள்ளுக்குள் கிழியும், வெளியே ஒன்றும் தெரியாது.

கம்ப்ரஸரை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகாதீர்கள். அந்த ஃபியூஸ் பெரும்பாலும் 15 ஆம்பியர். ஜீப் டயரை நிரப்பும் அளவுள்ள கம்ப்ரஸர் அதைவிட அதிகம் இழுக்கும். பேட்டரியில் நேரே கிளிப் மாட்டும் வகை வாங்குங்கள், ஏற்றும்போது இன்ஜின் ஓடட்டும்.

அடுத்த செலவு, இழுத்து மீட்கும் சாமான். அதைக் கீழே ஊட்டித் தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிறேன், படியுங்கள். லிஃப்ட்டும் பம்பரும் அடுத்த வருஷம் பேசலாம்.

தூத்துக்குடி: தேரிக்குப் பக்கத்துலயே பங்க் இருக்கு சார். கம்ப்ரஸர் அவசியமா?

பங்க் வரைக்கும் 15 காத்தோடு ஓட்டப் போகிறீர்களா? அவசியம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: குதிரைமொழித் தேரி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே வண்டியை இறக்கக் கூடாது.

உடுமலை: ஜிப்ஸி கிங் வெச்சிருக்கேன். 205/70 ஆர்15 டயரை எடுத்துட்டு 235/75 போடலாம்னு இருக்கேன். எம்.டி (சேத்து டயர்) நல்லதா, ஏ.டி (எல்லாப் பாதைக்குமான டயர்) நல்லதா?

கணக்கு போட்டுப் பாருங்கள். 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. 235/75 ஆர்15 என்றால் 733 மி.மீக்குக் கொஞ்சம் மேலே. வித்தியாசம் 65 மி.மீ, ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, 32 மி.மீ சொச்சம். விட்டம் கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடுவதால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 66இல் போய்க்கொண்டிருப்பீர்கள். கிலோமீட்டரும் குறைவாகவே ஏறும். இதெல்லாம் போகட்டும். 1,300 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு ஒவ்வொரு கியரும் பத்து சதவீதம் நீண்டுவிட்ட மாதிரி ஆகிவிடும். மேட்டில் செகண்டில் ஏறிய இடத்தில் ஃபர்ஸ்ட் கேட்கும், கிளட்ச் தேயும், பிரேக்குக்கும் வேலை கூடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் போய் ஸ்பிரிங் பட்டையிலோ ஃபெண்டரிலோ உரசவும் வாய்ப்புண்டு.

என் யோசனை 215/75 ஆர்15. விட்டம் 703 மி.மீ சொச்சம், கூடுதல் ஐந்து சதவீதம்தான். இன்ஜின் தாங்கும்.

எம்.டியா ஏ.டியா என்பது உங்கள் மண்ணைப் பொறுத்தது. கரிசல் மண் ஈரமானால் டயரோடு அப்பிக்கொண்டு விடவே விடாது. ஏ.டி டயரின் இடுக்குகள் பத்து அடிக்குள் அடைத்து வழுவழு டயராகிவிடும். எம்.டியின் அகன்ற இடுக்கு சுற்றும்போது மண்ணை வீசி எறியும். கரிசல் காட்டில் தினமும் ஓட்டுகிறவருக்கு எம்.டிக்குக் காரணம் இருக்கிறது. மற்றவர்களுக்கு மழையில் நனைந்த தார் ரோடுதான் பெரிய ஆபத்து. அங்கே எம்.டி பிரேக் பிடிக்காது, வழுக்கும். திருமூர்த்தி மலைக்கு வாரக்கடைசியில் போய் வர ஏ.டி போதும்.

தேனி: ஏலத் தோட்டத்துக்குப் போற பழைய மஹிந்திரா ஜீப் அண்ணே. பட்டை உக்காந்துருச்சு. நீள சாக்கிள் அடிச்சு மாட்டி உயர்த்திடலாம்னு பட்டறைக்காரர் சொல்றாரு. சரியா?

பட்டை உட்கார்ந்திருந்தால் பட்டையைத்தான் பார்க்க வேண்டும். கழற்றி, முறிந்த தகடு இருந்தால் மாற்றி, வளைவு எடுத்து, புஷ் புதுசு போட்டு, யு போல்ட்டும் புதுசு போட்டு மாட்டுங்கள். பழைய யு போல்ட் ஒருமுறை முறுக்கேறி நீண்டது, மறுபடி முறுக்கினால் பிடி நிற்காது. மாட்டியபின் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி இறுக்கிவிடுங்கள். பெரும்பாலான ஜீப்புக்கு இதிலேயே தொலைந்த உயரம் திரும்ப வந்துவிடும்.

சாக்கிள் (ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் தகடு) விஷயம் இப்படி. சாக்கிளை இரண்டு இஞ்ச் நீட்டினால் வண்டி ஒரு இஞ்ச்தான் உயரும், ஏனென்றால் பட்டையின் மறுமுனை அசையாமல் நிற்கிறது. உயரும்போது ஆக்ஸிலும் சேர்ந்து திரும்பும். உங்கள் பழைய ஜீப்பில் முன் சாக்கிள் பட்டையின் முன்முனையில் இருந்தால், ஆக்ஸிலின் மேல்பக்கம் முன்னால் சாய்ந்து கேஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. கொஞ்சம் வேகம் எடுத்தால் முன் சக்கரம் தடதடவென ஆடும், மலை இறக்கத்தில் அது விளையாட்டல்ல. ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சரி செய்யலாம், ஆனால் கேஸ்டரை அளந்து பார்த்துத்தான் வைக்க வேண்டும். கண் மதிப்பில் வைக்கிற வேலை இல்லை.

எந்த வழியில் உயர்த்தினாலும் வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஆக்ஸில் முழுக்கத் தொங்கும்போது மூன்றைப் பாருங்கள்: பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, ஷாக் அப்சார்பர் நீளம் பற்றுகிறதா, புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யூஜே கிராஸ் (முனையில் மடங்கும் மூட்டு) இடிக்கிறதா. ஹோஸ் விறைத்தால் அன்றைக்கு வண்டி பட்டறையை விட்டு நகரக் கூடாது.

ஸ்பேஸர் (இடையில் வைக்கும் தடித்த தகடு) போட்டு உயர்த்தலாமா என்று நாலைந்து தார்க்காரர்களும் கேட்டிருந்தீர்கள். தாரின் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். ஸ்பிரிங் மேலே வைக்கும் ஸ்பேஸர் தன் தடிமனைவிட அதிகமாகச் சக்கரத்தில் உயர்த்தும், அதனால் கடைக்காரர் சொல்லும் கணக்கையும் தகட்டின் தடிமனையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். பிரச்சினை வேறு. டிரைவ் ஷாஃப்ட் எப்போதும் கோணலாகவே சுற்றும், சி.வி பூட் (அந்த ஷாஃப்ட்டின் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் வெளியேறும், சக்கரம் கீழே தொங்க மிச்சம் இருந்த இடமும் குறையும். இவ்வளவுக்கும் பின்னால் டிஃபரன்ஷியல் கூடு (ஆக்ஸிலின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டை) ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. லிஃப்ட் கிட் பாடியையும் சேஸிஸையும்தான் தூக்கும். ஆக்ஸிலைத் தூக்குவது பெரிய டயர் ஒன்றுதான்.

ஊட்டி: அண்ணா, என் ஜிம்னி சேத்துல மாட்டினப்போ ஒருத்தர் அவர் வண்டியோட டிரெய்லர் பால்ல கயிறு கட்டி இழுத்தார். வண்டி வந்துடுச்சு. இது பரவாயில்லையா?

வந்தது அதிர்ஷ்டம்மா. இனி யாரையும் அப்படிச் செய்ய விடாதீங்க. அந்த உருண்டை, டிரெய்லர் சீராக உருளும்போது வரும் இழுவைக்குச் செய்தது. சேற்றில் புதைந்த வண்டியைக் குலுக்கி இழுக்கும்போது கழுத்து முறிந்தால், கயிற்றில் சேர்ந்த விசை முழுவதும் அந்த இரும்புக் குண்டை எதிர் வண்டியின் கண்ணாடிக்குள் அனுப்பும். வெளிநாடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. லாரியில் ஏற்றும்போது கட்டுவதற்கு விட்டிருக்கும் சின்னக் கொக்கிகளும் இதற்கு ஆகாது.

சேஸிஸோடு போல்ட் போட்ட, எத்தனை டன் தாங்கும் என்று எழுதிய மீட்புப் புள்ளி முன்னும் பின்னும் வேண்டும். அதில் மாட்ட வில் வடிவ சாக்கிள் (மேலே சொன்ன பட்டைச் சாக்கிள் இல்லை, பின் போட்டு மூடும் இரும்பு வளையம்). முக்கால் இஞ்ச் சாக்கிளில் 4.75 டன் என்று பொறித்திருக்கும், எழுத்தில்லாத சாக்கிளைத் தொடாதீர்கள். பின்னை முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள், இல்லாவிட்டால் இழுத்த பிறகு கழற்ற முடியாது. கயிறு என்றால் கைனடிக் கயிறு. சுமார் 30 சதவீதம் நீளும், ரப்பர் போல விசையை வாங்கி மெதுவாகக் கொடுக்கும். இரும்புச் சங்கிலியும் ஒயர் ரோப்பும் நீளாது, குலுக்கி இழுத்தால் எங்கோ ஒன்று உடையும். கயிற்றின் நடுவே கனமான கோணியோ ஜமுக்காளமோ போடுங்கள், அறுந்தால் பறக்காமல் கீழே விழும். வேடிக்கை பார்க்கிறவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும். நம் ஊரில் இதைச் சொல்லி ஆளை விலக்குவதுதான் இழுப்பதைவிடக் கஷ்டம்.

இன்னொன்று: இழுப்பதற்கு முன் மண்வெட்டியால் டயருக்கு முன்னால் பத்து நிமிஷம் வெட்டினால் பாதி நேரம் கயிறே தேவைப்படாது.

வால்பாறை: ஸ்நார்க்கல் போட்டா எவ்வளவு ஆழத்துல போகலாம்?

ஸ்நார்க்கல் இன்ஜின் மூச்சு வாங்கும் வாயை மட்டும்தான் உயர்த்துகிறது. இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராட் வளையும், அதைத் தடுக்கும். புழுதியில் முன்னால் போகும் வண்டியின் பின்னால் ஓட்டும்போது ஏர் ஃபில்டர் கொஞ்சம் சுத்தமாக இருக்கும். அவ்வளவே.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது சில நூறு ரூபாய் வேலை. டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) மூன்றுக்கும் மூச்சுக்குழாய் உண்டு. ஓடிச் சூடான கூட்டைக் குளிர்ந்த ஆற்றுத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். குழாயின் முனை தண்ணீருக்குள் இருந்தால் அதன் வழியாகவும், சேறு அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிவிடும். எண்ணெய் தாங்கும் ரப்பர் ஹோஸ் வாங்கி, கிளாம்ப் போட்டு, எல்லாவற்றையும் பானட்டுக்குள் மேலே கொண்டுபோய் முனையில் சின்ன ஃபில்டர் மாட்டுங்கள். ஆக்ஸில் தொங்கும்போது இழுபடாத அளவு நீளம் விடுங்கள். ஆற்றில் இறங்கி வந்தபின் டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போய்விட்டது, உடனே மாற்றுங்கள்.

ஓடுகிற தண்ணீரில் முழங்காலுக்கு மேல் போனாலே வண்டி மிதந்து நகரத் தொடங்கலாம். ஸ்நார்க்கல் அதைத் தடுக்காது.

சேலம்: நாலு ஃபாக் லைட் போட ஒயரிங் எப்படி?

55 வாட் பல்பு நாலு என்றால் 220 வாட். 12 வோல்ட்டில் 18 ஆம்பியருக்கு மேல். இதை டேஷ்போர்டு சுவிட்சில் நேரே விட்டால் உருகும். 40 ஆம்பியர் ரிலே (சின்ன சுவிட்சால் பெரிய மின்சாரத்தைத் திறக்கும் பெட்டி) போடுங்கள். பேட்டரியிலிருந்து 4 ஸ்கொயர் (சதுர மி.மீ) ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 25 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எழுதிய முனைக்கு. 87இலிருந்து விளக்குக்கு, 86 சுவிட்சுக்கு, 85 எர்த். ஃபியூஸை ரிலேக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள், தப்பு. நடுவில் ஒயர் உரசினால் தீப்பிடிப்பதைத் தடுக்க அது பேட்டரி ஓரம் இருக்க வேண்டும். ரோட்டில் போகும்போது விளக்குக்கு மூடி போட்டுவையுங்கள். எதிரில் வருகிறவர் கண் முக்கியம்.

கொடைக்கானல்: வின்ச் (மோட்டாரால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) எத்தனை டன் வாங்கலாம்?

முழுச் சுமையோடு வண்டி எடை எவ்வளவோ அதைப்போல ஒன்றரை மடங்கு. 2,200 கிலோ என்றால் 3,300 கிலோ. கடையில் கிடைக்கும் 9,500 பவுண்டு வின்ச் 4,300 கிலோ இழுக்கும், போதும். அந்த எண் டிரம்மில் கடைசிச் சுற்று வரிசை மட்டும் மிச்சம் இருக்கும்போது கிடைக்கும் பலம். கயிறு மேலே சுற்றச் சுற்ற இழுவை குறையும். அதனால் கயிற்றை நிறைய வெளியே விட்டு இழுங்கள், ஒரு கப்பி சேர்த்தால் இழுவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். மரத்தில் கட்டும்போது அகலமான நாடா சுற்றுங்கள், ஒயர் ரோப்பை நேரே கட்டினால் மரப்பட்டை உரிந்து மரம் செத்துப்போகும்.

தனியாக எஸ்டேட்டுக்குள் போகிறவருக்கு வின்ச் நியாயம். கூட இன்னொரு வண்டியோடு போகிறவருக்கு நல்ல கயிறு போதும், பணம் மிச்சம்.

திண்டுக்கல்: எம்.எல்.டி (பின்சக்கரம் ரெண்டையும் சேர்த்துப் பூட்டுற டிஃபரன்ஷியல்) இருக்குன்னு சொல்லித் தார் வாங்கினேன். ஒரு பின்சக்கரம் சும்மா சுத்துது, பூட்டவே மாட்டேங்குது.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறீர்கள். அது தானே பூட்டிக்கொள்ளும் வகை. இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவே நிமிஷத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் பூட்டும். சக்கரம் சுத்துகிறதே என்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் அந்த வித்தியாசமே வராது. சீராக அழுத்திப் பிடியுங்கள், டக்கென்று பூட்டும்.

மதுரை: இரும்பு பம்பர், புல் பார் போட்டா போலீஸ் பிடிப்பாங்களா?

பிடிக்கலாம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பாருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. விபத்தானால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்.

அபராதத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. சேஸிஸில் நேரே மாட்டிய இரும்புக் குழாய், மோதும்போது நசுங்க வேண்டிய முன்பகுதியை நசுங்க விடாது. ஏர்பேக் விரிய வேண்டிய நேரமும் தவறலாம். நடந்து போகிறவர் மீது பட்டால் கேட்கவே வேண்டாம். நான் யாருக்கும் புல் பார் வெல்டிங் செய்து கொடுப்பதில்லை. அடிப்பக்கத்துக்கு 4 மி.மீ தகட்டில் ஸ்கிட் பிளேட் கேளுங்கள், செய்யலாம். ஆயில் மாற்ற ஓட்டையும், சேறு வடிய ஓட்டையும் விட்டு, கம்பெனி போல்ட் துளைகளிலேயே மாட்ட வேண்டும். சேஸிஸின் மேல், கீழ் விளிம்பில் புதிதாகத் துளை போடாதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வண்டியில் எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் இசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) போய்விடும்.

பொள்ளாச்சி: சேத்துல ஓட்டிட்டு வந்தா வாட்டர் வாஷ் விட்டா போதுமா?

போதாது. தகட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையில் தங்கிய மண் ஈரம் காக்கும், துரு அங்கே தொடங்கும். குழாய்த் தண்ணீரை நிதானமாக விட்டு ஊறவைத்துக் கழுவுங்கள். ஆயில் சீல், மூச்சுக்குழாய், ரேடியேட்டர் தகடு மூன்றின் மேலும் பிரஷர் வாஷைக் கிட்டே பிடிக்காதீர்கள். பின் டிரம்மைக் கழற்றி உள்ளே இருக்கும் சேற்றைத் தட்டிவிடுங்கள். கிரீஸ் நிப்பிள் இருக்கும் வண்டி என்றால் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புதுசு அடியுங்கள். கடைசியில் பட்டை யு போல்ட், வீல் நட், மீட்புப் புள்ளி போல்ட் எல்லாவற்றுக்கும் ஒரு சுற்று ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.