பட்டணத்தில் பேரப்பிள்ளைகள், ஊரில் அவர்

கேள்வி: எனக்கு 63 வயது. நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். மகனும் மருமகளும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். பேரனுக்கு நான்கு வயது, பேத்திக்குப் பத்து மாதம். மருமகளின் பேறுகால விடுப்பு முடிந்ததும், "இரண்டு மாதம் வந்து இருங்கள்" என்று தை மாதம் என்னை அழைத்து வந்தார்கள். இப்போது வைகாசி. என் கணவர் 68 வயதில் தனியாகப் பத்து மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "குத்தகைக்கு விட்டுவிட்டு இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள்" என்கிறான் மகன். சித்திரையில் ஊருக்குப் போனபோது, நான் எண்ணி வைத்துவிட்டு வந்த இரத்த அழுத்த மாத்திரைப் பட்டைகளில் பாதி பிரிக்கப்படாமலே கிடந்தன. இங்கேயோ, பேத்தியின் இருமலுக்குத் துளசிச் சாற்றில் தேன் கலந்து கொண்டுவந்தால், மருமகள் கிண்ணத்தை வாங்கிக் கொட்டிவிட்டு, "பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது" என்று பேரனிடம் சொல்கிறாள். நான் இருப்பதா, போவதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் ஆறு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம். முழுக் கடிதத்தில் மருமகள் வராத பக்கம் இல்லை. மகனோ, உங்களை அழைத்துப்போக வந்தபோது ஒரு முறையும், குத்தகை யோசனை சொல்லும்போது ஒரு முறையும்தான் வருகிறார். இரவில் குழந்தை அழுதால் எழுந்திருப்பவர் யார், காலையில் பேரனைக் குளிப்பாட்டுபவர் யார் என்று பார்த்தால் அங்கெல்லாம் நீங்களோ மருமகளோதான் இருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பாதி விடை சொல்ல வேண்டியவர் மகன் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தேன் விஷயத்தில் உங்கள் மருமகள் செய்தது சரி. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் உறுதியாகச் சொல்வது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிரியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் வளர்ந்து, தசைகளைத் தளரச் செய்யும் நச்சை உண்டாக்கிவிடும். நம் வீடுகளில் பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைத்ததும், அந்தப் பிள்ளைகள் நன்றாக வளர்ந்ததும் உண்மைதான். ஆனால் அரிதாக வரும் ஆபத்தை அனுபவத்தால் அறிய முடியாது. மூத்தவன் இருமினால் அவனுக்கு ஒரு தேக்கரண்டி தாராளமாகக் கொடுங்கள். இளையவளுக்குப் பருப்புச் சாதத்தை நெய் விட்டுக் குழைய மசித்து ஊட்டுவதற்கு உங்கள் கைக்கு ஈடு அந்த வீட்டில் வேறு கை இருக்காது.

சொன்ன விதம் வேறு விஷயம். நான்கு வயதுப் பிள்ளை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும். நாளைக்கு நீங்கள் "மாடிப்படியில் ஓடாதே" என்றாலும் அதே பதில்தான் வரும். மருமகள் அலுவலகத்திலிருந்து வந்து காபி குடித்து முடித்த பிறகு, பேரன் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்து, "நீ தேனைக் கொட்டியது சரிதாம்மா, எனக்குத் தெரியாது. ஆனா பிள்ளைக்கு முன்னால சொல்லாதே, தனியா சொல்லு, கேட்டுக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். மகன் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள்.

உங்கள் கணவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். இரத்த அழுத்தத்துக்கு வலி கிடையாது. அதனாலேயே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், பிறகு பக்கவாதத்தில் வந்து நிற்கிறது. ஏழு நாளுக்கு ஏழு கட்டம் உள்ள மாத்திரைப் பெட்டி மருந்துக் கடையில் கிடைக்கும். தொலைபேசியில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டால் "ஆச்சு" என்பார். "இன்றைய கட்டம் காலியா" என்று கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதிந்துவைத்தால், மாதம் ஒரு முறையாவது ஒருவர் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போவார். சமையல் தெரியாது என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நாற்றின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லும் மனிதருக்குச் சோற்றின் பதம் தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

நிலத்தைக் குத்தகைக்கு விடுவது வெளியூருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பது போன்ற காரியம் அல்ல. சாகுபடிக் குத்தகைதாரர்களைப் பாதுகாக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. குத்தகை ஒழுங்காகக் கொடுத்து வருபவரை நினைத்த நேரத்தில் எழுப்பிவிட முடியாது. உழுபவனுக்கு அது நியாயமான சட்டம். ஆகையால் மகனின் வசதிக்காக அவசரப்பட்டு விட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து அடுக்குமாடியில் மூச்சு முட்டித் திரும்பி வரும்போது நிலத்தைக் கேட்பது சரியாக இராது. உங்கள் கணவரால் வரப்பில் நடக்க முடியும்வரை அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

வயலுக்கு ஒரு கணக்கு இருப்பதுபோல் உங்கள் வருகைக்கும் ஒரு கணக்கு வையுங்கள். மேட்டூரில் தண்ணீர் இருக்கும் வருடங்களில் ஜூன் 12 அன்று அணை திறக்கிறார்கள். அதே ஜூனில்தான் பேரனுக்குப் பள்ளிக்கூடமும் தொடங்குகிறது. முதல் சில வாரங்கள் அவன் அழுவான், நீங்கள் அங்கே இருப்பது நல்லது. ஆடியில் பேத்திக்கு ஒரு வயது நிறைகிறது. பதினெட்டாம் பெருக்குக்கு எல்லோருமாக ஊருக்கு வாருங்கள். வாய்க்கால் கரையில் பேரன் சப்பரம் இழுக்கட்டும், அவன் கையை அப்பாவே பிடித்துக்கொள்ளட்டும். சம்பா நடவுக்கு நீங்கள் வீட்டில் இருந்தால்தான் ஆள் கூலியும் சாப்பாட்டுக் கணக்கும் ஒழுங்காக நடக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொங்கல் கழிந்து, அறுவடையும் முடிந்து, தரிசில் உளுந்து முளைத்து நிற்கும் மாசியில் இருவருமாகச் சென்னைக்குப் போய் இரண்டு மாதம் இருக்கலாம். மே விடுமுறையில் பிள்ளைகள் உங்களிடம் வரட்டும்.

இடைப்பட்ட மாதங்களுக்கு மகனும் மருமகளும் வழி தேட வேண்டும். 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி ஏற்படுத்த வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 2017இல் சட்டத் திருத்தம் வந்தது. மருமகளின் அலுவலகத்தில் அது இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். சம்பந்தி அம்மாளும் ஒரு மாதம் வரலாம்.

இதையெல்லாம் மகனிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் ரயிலில் 60 நாள் முன்னதாகவே முன்பதிவு தொடங்கிவிடுகிறது. ஆடிப்பெருக்குக்கு வரும்போது மன்னை எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட், உங்களுக்குக் கீழ்ப்படுக்கை. திரும்பும்போது இரண்டு எடுத்தால் போதும். ஐந்து வயது நிறையாத பிள்ளைகளுக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டியதில்லை.