தாத்தா விட்டுப்போன சவரக்கத்தி, ஆடுகிற பிடி: கேள்வி பதில்

பழைய மடக்குச் சவரக்கத்திகளின் பிடியைக் கழற்றிச் சீர்செய்து மறுபடி ஆணி தறைவது என் நெடுநாள் கிறுக்கு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்திகள்தான் அதிகம் கைக்கு வருகின்றன. பிடியைப் பற்றிக் கேளுங்கள். எந்த வேலையானாலும் முதலில் கத்தி வாயில் இரண்டு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள்.

திருநெல்வேலி: சார், தாத்தாவின் கத்தி. கறுப்புப் பிடி. அலகு லொடலொடவென்று ஆடுகிறது. ஆணியை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஆணியின் அடித்தலையை இரும்புக்கட்டை மேல் நிறுத்தி, மேல்தலையின் விளிம்பைச் சுற்றித் தட்டார் சுத்தியலால் மெல்ல நாலு தட்டு. திருப்பிப்போட்டு நாலு தட்டு. திறந்து மூடிப் பாருங்கள். அலகு தன் எடையில் தானாக விழாமல், விரல் தள்ளினால் மட்டும் நகர வேண்டும். அந்தப் பதம் வந்ததும் சுத்தியலைக் கீழே வையுங்கள்.

கோவை: பிடியின் ஒரு பக்கம் உடைந்துவிட்டது. பழைய ஆணியை எப்படி எடுப்பது?

தலையை அரத்தால் தேய்த்துத் தீர்க்காமல் ஆணியை அடித்து வெளியேற்றாதீர்கள். இன்னும் பத்துப் பேர் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆணியின் தலை காளான்போல் விரிந்திருக்கும். அதை அப்படியே துளைக்குள் அடித்தால் கொம்புப் பிடி நார் ஓடும் திசையில் பிளந்துவிடும். பிடியைச் சுற்றி டேப் ஒட்டி, வாஷர் கழன்று வரும்வரை தலையைத் தேயுங்கள். வாஷர் அழகான பழைய வேலைப்பாடு என்றால், தேய்க்காமல் தலையின் நடுவில் புள்ளி குத்தி, சின்ன டிரில்லால் தலையை மட்டும் குடைந்து எடுங்கள். பிறகு துளையுள்ள மரக்கட்டை மேல் பிடியை வைத்து, ஆணியைவிடச் சற்றே மெல்லிய கம்பியால் தள்ளுங்கள். வரவில்லையென்றால் ஆணி உள்ளே வளைந்திருக்கிறது. அடிக்காமல் டிரில் போட்டு எடுங்கள்.

புது ஆணிக்கு 1/16 இஞ்ச் பித்தளைக் கம்பி அல்லது ஜெர்மன் சில்வர். நம் பழைய கணக்கில் வீசம் இஞ்ச். (ஜெர்மன் சில்வரில் வெள்ளி கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம்தான்.) இரும்புக் கம்பி வேண்டாம், துருப்பிடிக்கும். வாஷருக்கு வெளியே இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விட்டு வெட்டுங்கள். அதிகம் விட்டால் ஆணி வளையும், குறைத்தால் தலை விரியாது. அடி பலமாக இருக்கக் கூடாது, எண்ணிக்கைதான் அதிகம்.

சேலம்: என்னிடம் சோலிங்கன் கத்தி ஒன்று உள்ளது. விலை எவ்வளவு போகும்?

விலை எனக்குத் தெரியாத துறை.

யாழ்ப்பாணம்: ஐயா, பிடி தேன் நிறத்தில் ஒளி ஊடுருவுகிறது. கொம்பா, பிளாஸ்டிக்கா? ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கலாமா?

குத்தாதீர்கள்! அது செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது அது. 1870களிலிருந்து பிடிகளுக்கு வந்தது. வெந்நீரில் நனைத்துக் கட்டைவிரலால் தேய்த்து முகருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. வெளிச்சத்தில் பிடித்தால் நார் நாராகக் கோடு தெரிவது கொம்பு.

அலகைப் பிடி மூடியிருக்கும் இடத்தில் மட்டும் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். செல்லுலாய்டு கெடும்போது அமில ஆவி விடும், அதுதான் எஃகைத் தின்கிறது. அப்படிப்பட்ட பிடியைக் காப்பாற்ற முடியாது. கழற்றி எறியுங்கள், மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

தஞ்சாவூர்: மூடும்போது அலகு ஒரு பக்கம் உரசுகிறது. புது ஆணி அடித்தும் சரியாகவில்லை.

ஆணியை விடுங்கள், ஆப்பைப் பாருங்கள். பிடியின் வால்முனையில் இரு பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஆப்பு இருக்கும். அதன் சரிவு இரு புறமும் ஒத்திருந்தால்தான் அலகு நடுவே இறங்கும். ஒத்திருந்தும் உரசினால், ஆணித்துளை நேர் செங்குத்தாக இல்லை. பழைய ஷெஃபீல்டு கத்திகளில் ஆப்பு பெரும்பாலும் ஈயம். வெள்ளைப்பொடி பூத்திருந்தால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.

மதுரை: சாணை எப்படிப் பிடிப்பது?

அது தனிக் கடல். சாணை தெரிந்தவரைப் பாருங்கள்.

திருச்சி: ஆணியைப் பஞ்ச் வைத்து ஓங்கி அடித்தேன், கொம்பு பிளந்துவிட்டது. என்ன செய்யலாம்?

கோவைக்காரருக்கு எழுதியதைப் படித்துவிட்டு அடித்திருக்கலாம். விரிசல் மெல்லியதென்றால் நீர்போல் ஓடும் சூப்பர் க்ளூவை உள்ளே இறக்கி, கவ்வி வைத்து, மறுநாள் தேயுங்கள். துளையையே கடந்து ஓடியிருந்தால் புதுப் பிடிதான்.

நாகர்கோவில்: தந்தப் பிடி. விற்கலாமா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வைத்திருப்பதற்கே உரிமைச் சான்று வேண்டும். வனத்துறையைக் கேளுங்கள்.

ஓசூர்: எதற்கு இந்தத் தட்டல்? 0-80 அளவுச் சின்ன போல்ட் போட்டால் வேண்டியபோது கழற்றலாமே.

அந்த போல்ட் என்னிடமும் உண்டு. ஒத்திகைக்கு அருமை: போல்ட்டில் கோத்து, அலகு நடுவே இறங்குகிறதா பார்த்துவிட்டு ஆணி தறைவேன். நிரந்தரமாக வேண்டாம். திறந்து மூடும்போதெல்லாம் அலகு போல்ட்டைத் திருகும், நட்டு தளரும். மரை கொம்புத் துளையை அரம்போல் அராவும்.

ஓசூர்: மரையில் பசை போட்டால் தளராது.

அப்புறம் எப்படிக் கழற்றுவீர்கள்? ஆணிக்கே வந்துவிட்டீர்கள், அசிங்கமான தலையோடு.

கும்பகோணம்: நான் நகைத்தொழில் செய்பவன். கம்பியைச் சூடுகாட்டி இளக்கிவிட்டு அடித்தால் அரைப்பங்கு அடி போதும். ஏன் யாரும் சொல்லவில்லை?

முழுக்க இளக்கிய கம்பி, தலை விரியும் முன்னே துளைக்குள் வீங்கும். அந்த வீக்கம் கொம்பைப் பிளக்கும்.

கும்பகோணம்: முனைகளை மட்டும் இளக்குவது.

ஆணியே இரண்டு விரல் அகலம் இல்லை. பித்தளை அந்தச் சூட்டை நடுவுக்குக் கொண்டுபோய்விடாதா?

கும்பகோணம்: நடுவில் கனமான குறடால் கவ்விக்கொண்டால் குறடு சூட்டை வாங்கிக்கொள்ளும். நகைக்கு இப்படித்தான் செய்கிறோம்.

இதற்குப் பதில் இல்லை. உடைந்த பிடி ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் செய்து பார்க்கிறேன்.

ஈரோடு: ஐயா, என் தாத்தாவின் கத்தி என்ன விலை போகும்?

சேலத்துக்காரரைக் கேளுங்கள், அவரும் தேடிக்கொண்டிருக்கிறார்.