லார்ஜ்மவுத் பாஸ் மீன் ஒரு ஏரியில் கறுப்பாகவும் இன்னொரு குளத்தில் வெளிறியும் இருப்பது ஏன்?

நீங்களும் அமெரிக்காவில் எங்கோ இந்த நன்னீர் மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்தான் என்று நினைக்கிறேன். கலங்கல் குளத்தில் பிடித்த மீனைப் படம் போட்டிருப்பீர்கள், யாராவது "சீக்கு மீன்" என்றோ "இது வேறு இனம்" என்றோ சொல்லியிருப்பார்கள். நிறத்தை மட்டும் வைத்து இரண்டையுமே சொல்ல முடியாது.

பாஸ் மீனின் தோலில் மெலனின் என்ற கறுப்பு நிறமித் துகள்கள் நிறைந்த கறுப்புச் செல்கள் இருக்கின்றன. துகள்கள் செல் முழுக்கப் பரவினால் மீன் கறுக்கும், நடுவில் குவிந்தால் வெளுக்கும். கூடவே மஞ்சள் நிறமிச் செல்களும், வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் குவானின் படிகங்கள் கொண்ட செல்களும் உண்டு. கறுப்பதா வெளுப்பதா என்று தீர்மானிப்பதில் பெரிய பங்கு கண்ணுக்கு. மேலிருந்து வரும் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் அடியிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் கணக்கு. பல மீன் இனங்களில் பார்வை போன மீன் வெளுத்த தரையிலும் கறுத்தே கிடப்பது இதனால்தான்.

டெக்சாஸ், லூசியானா எல்லையில் உள்ள காடோ ஏரியைப் பாருங்கள். தண்ணீருக்குள்ளேயே சைப்ரஸ் மரங்கள், இலையும் பட்டையும் ஊறி ஊறி நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அங்கே மீன் கரும்பச்சை, சில சமயம் உடம்பின் பக்கவாட்டில் ஓடும் கறுப்புக் கோடே அந்தக் கறுப்பில் மறைந்துவிடும். களிமண் கலங்கிய பண்ணைக் குளத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறுவதால் மீன் வெளிறி, கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தெளிந்த நீரும் நிறையச் செடியும் இருந்தால் நல்ல பச்சை, கோடு பளிச்சென்று தெரியும்.

இதை நான் இவ்வளவு தூரம் எழுதக் காரணம் ஒரு பழைய எரிச்சல். நண்பர்கள் வட்டத்தில் நடந்த சின்னப் போட்டி அது. பிடித்தவுடன் ஒரு படம், கரைக்கு வந்து எடை போடும்போது ஒரு படம், இதுதான் விதி. காடோவில் எனக்குக் கறுகறுவென்று ஒன்று விழுந்தது. படகிலிருந்த வெள்ளைத் தொட்டியில் விட்டேன். மதியம் கரை சேர்ந்து மூடியைத் திறந்தால் மீன் வெளுத்துப்போய்க் கிடக்கிறது! நடத்தியவர்கள் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற மீன்ங்க" என்று தள்ளிவிட்டார்கள். வால் துடுப்பில் ஒரே இடத்தில் அதே கிழிசல், அதைக் காட்டியும் கேட்கவில்லை. வெள்ளைத் தொட்டியில் போட்டால் மீன் வெளுப்பது படகு வைத்திருப்பவர்கள் பலருக்கும் தெரிந்த சங்கதி. துகள் நகர்வதற்கு நிமிடங்களிலிருந்து சில மணி நேரம் போதும், பதற்றமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். அதே மீன் வாரக்கணக்கில் புதிய நீரில் வாழ்ந்தால் நிறமிச் செல்களின் எண்ணிக்கையே கூடும் குறையும், அது சட்டென்று திரும்பாது.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை, அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள். ஆனால் "கறுப்பா இருந்தா ஃப்ளோரிடா பாஸ்" (லார்ஜ்மவுத்துக்கு நெருங்கிய உறவு மீன்) என்று அடித்துச் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. டெக்சாஸ் ஏரிகளில் 1970களிலிருந்து ஃப்ளோரிடா பாஸ் குஞ்சுகளை விட்டு வருகிறார்கள், கலப்பினங்கள் ஏராளம். அதை உறுதியாகப் பிரித்துச் சொல்ல மரபணுச் சோதனைதான் வழி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். படத்துக்காகப் பெரிய மீனைக் கீழ்த்தாடையை மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாதீர்கள். அத்தனை எடையையும் தாடை தாங்க வேண்டியிருக்கிறது. இன்னொரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நிறம் பற்றி வகுப்பெடுக்கிற அதே ஆட்கள்தான் இப்படிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

சரி, உங்கள் மீனுக்கு வருவோம். உடம்பு முழுக்க ஒரே மாதிரி வெளிறியோ கறுத்தோ இருந்தால் அது பெரும்பாலும் தண்ணீரின் வேலை. உடம்பிலோ துடுப்பிலோ வாயிலோ கன்னங்கரேலென்று திட்டுத் திட்டாக இருந்தால் கதை வேறு. அதோடு அடோமாவைரஸ் என்ற வகை வைரஸ் ஒன்றுக்குத் தொடர்பு இருப்பதை அமெரிக்க நிலவியல் ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று சிக்கினால் அதை வேறு குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். மாநில மீன்வளத் துறைக்குப் படம் அனுப்புங்கள்.